கூலிங் பிடித்து வைத்த வாயு

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் வழி சொல்லத் தெரியாது. "கூலிங் வீடு எது?" என்று கேட்டால் போதும், கடைக்கு வந்தவர்கூடத் தன் வேலையை விட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார். ஏசி மெக்கானிக்காகத் தொழிலுக்கு வந்த புதிதில், எதைப் பழுது பார்த்தாலும் கடைசியில் அதன் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, "கூலிங் வருதா? கூலிங் வருதா?" என்று நாலு தடவை கேட்பார். வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னாலும் நம்பிக்கை வராது. வீட்டில் இருக்கிற எல்லோரையும் வரிசையாக வந்து கை நீட்டிப் பார்க்கச் சொல்வார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர், முப்பத்தோரு வருஷமாகியும் கழன்று விழவில்லை.

வயது ஐம்பத்து மூன்று. ஏணி ஏறி ஏணி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. இடது கட்டைவிரலில், செம்புக் குழாய் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட பழைய வடு. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுத்தவர் வீட்டில் ஏசி கிடையாது. "சமையல்காரன் வீட்ல அடுப்பு எரியாத மாதிரிதான்" என்று சொல்லி அவர் மனைவி சிரிப்பாள். அவள் பெரிய மருத்துவமனை ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கொதிநீரும் நீராவியும். வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு அடியில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "இது போதும்பா, சொர்க்கம்" என்பாள்.

கூலிங்குக்குத் தொழிலில் கூட்டு, மனைவியின் தம்பி. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கைவேகம் உள்ள ஆள். மாமா கீழே வீட்டுக்குள் இருக்கிற பெட்டியைப் பார்ப்பார். மச்சினன் மேலே மாடியில் இருக்கிற பெட்டியைப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சே தேவைப்படாது. அவ்வளவு பழக்கம்.

அன்று ஒரு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடியில் பயிற்சிக் கூடம். மத்தியானம் மூன்று மணி. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஆவணப்படம் போடுவதற்காகத் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஏசி நின்றுவிட்டது. எல்லோரும் கோப்புகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்த அதிகாரி அம்மா, "படம் ஓடட்டும், நீங்க சத்தம் போடாம பின்னாடி பாருங்க" என்றார்.

கூலிங் ஏணியைப் பின்சுவரில் சாய்த்து ஏறி மூடியைக் கழற்றினார். உள்ளே கோளாறு ஒன்றுமில்லை. மாடியிலிருந்து மச்சினன் போனில் கூப்பிட்டான்.

"காம்ப்ரசர் எரிஞ்சு போச்சு மாமா. கருகின வாடை அடிக்குது."

"சரி மாப்ள. கேஸை இறக்கிடு. வேற மாத்திடலாம்."

இறக்கிடு என்றால் வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடு என்று பொருள். ஏசிக்குள் சுற்றி ஓடிக் குளிர்ச்சியைக் கொடுக்கிற வாயு அது. காம்ப்ரசரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அது வெளியே போயாக வேண்டும். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான். அவருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் அப்படித்தான்.

இறங்கி வந்து ஏணியில் சாய்ந்து நின்றார். வேறு வேலை இல்லாததால் கண் திரைக்குப் போனது. பனிமலை உடைந்து கடலில் விழுந்தது. இதெல்லாம் டிவியில் பார்த்ததுதான் என்று கொட்டாவி விட்டார். பிறகு ஒரு ஊர் வந்தது. வெயிலில் தார்ச்சாலை இளகி, நடந்துபோன பெண்ணின் செருப்பு அதில் ஒட்டிக்கொண்டது. அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு செருப்பைப் பிடுங்கப் பார்க்கிறாள், வரவில்லை. சுடு தாரில் வெறுங்காலை வைக்கவும் முடியவில்லை. படத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூலிங் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

அடுத்து வந்தது ஒரு மொட்டை மாடி. வரிசையாக ஏசி பெட்டிகள். ஒரு ஆள், முகம் தெரியவில்லை, கை மட்டும். கையில் ஸ்பேனர். கூலிங் வைத்திருக்கிற அதே அளவு ஸ்பேனர். அந்தக் கை வால்வைத் திருகியது. புஸ்ஸென்று சத்தம். பின்னணியில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: இந்த வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், கரியமில வாயு இரண்டாயிரம் கிலோ கலந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம்.

அதே நேரம் பின்பக்கத்து ஜன்னல் வழியாக, மேலே மாடியிலிருந்து, உண்மையான சத்தம் கேட்டது. புஸ்ஸ்ஸ்...

கூலிங் ஏணியை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, "மூடு! மூடுடா அதை!" என்று கத்தினார்.

மச்சினன் பதறிப்போய் எழுந்தான். "என்ன மாமா, கரண்ட் வருதா?"

"வால்வை மூடு!"

அவன் மூடினான். அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் கீழே படுத்துவிட்டிருந்தது. எல்லாம் போய்விட்டது. கூலிங் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது.

கீழே வந்தபோது படம் முடியும் தறுவாயில் இருந்தது. கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்தார். விளக்கு எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், டீ வந்தது. அதிகாரி அம்மா பக்கத்தில் வந்தபோது கேட்டார்:

"மேடம், அதுல ஒரு மாடி வந்துச்சே. கேஸ் விடற மாதிரி. அது நிஜமா?"

"நிஜம்தாங்க. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சரி, ஏசி எப்ப ஓடும்?" என்றார் அவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி, "என்னங்க, சாதத்துல படம் ஓடுதா?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கையும் சொன்னார். வருஷத்துக்கு இருநூற்றைம்பது பெட்டியாவது காலி செய்திருப்பார். பெட்டிக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும், முப்பத்தோரு வருஷத்துக்கு ஏழாயிரத்து எழுநூற்றைம்பது கிலோ.

"அதை ரெண்டாயிரத்தால பெருக்கணும்" என்றார்.

"பெருக்காதீங்க" என்றாள் அவள். "நீங்க தெரிஞ்சா விட்டீங்க? ஊர்ல எல்லாரும்தானே விடறாங்க?"

"எல்லாரும் விடறது தனி. நான் ஒருத்தன் விட்டது இவ்வளவு."

பத்து நாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், ஆனால் வால்வைத் திறக்கிற வேலை வந்தால் கை ஓடவில்லை. விசாரித்ததில், வாயுவை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கிற இயந்திரம் ஒன்று உண்டு என்று தெரியவந்தது. மூடிப்போன ஒரு ஐஸ் தொழிற்சாலையின் மூலையில் பழையது ஒன்று தூசு மூடிக் கிடந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பதினெட்டு கிலோ எடை. போகிற இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"கைக்குழந்தை மாதிரி இடுப்பை விட்டு இறக்க மாட்டேங்கறீங்களே மாமா" என்று மச்சினன் முதலில் கேலி செய்தான். கேலி ஒரு மாதம் ஓடியது. அதற்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வைத் திறந்துவிட்டால் இரண்டு நிமிஷம். இயந்திரம் வைத்துப் பிடித்தால் நாற்பது நிமிஷம். ஒரு நாளைக்கு ஆறு வேலை பார்த்த இடத்தில் மூன்றுதான் பார்க்க முடிந்தது.

ஒரு துணிக்கடைக்காரர் பொறுமை இழந்து கேட்டார். "காத்துல போற கேஸைப் புடிச்சு வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ஊறுகாயா போடப் போறீங்க?"

கூலிங் பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். "ரொம்ப நல்ல விஷயம். ஆனா என் கடையில வேணாம். வாடிக்கையாளர் எல்லாம் வேர்த்துப்போய் எந்திரிச்சுப் போறாங்க."

மச்சினன் பிரிந்துபோன நாளில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தன் பையில் இருந்த பொதுச் சாமான்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மாமா, நீங்க உலகத்தைக் காப்பாத்துங்க. வேணாங்கல. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் அதுங்களைப் பாக்கறேன்."

"உன் புள்ளைங்களுக்காகவும்தான் மாப்ள இது."

"தெரியுது மாமா. ஆனா அதுங்களுக்கு ஸ்கூல் இந்த மாசம்ல இருக்கு."

கூலிங் வாசல்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மெக்கானிக்குகள் சங்கக் கூட்டத்தில் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று அவருக்கு யோசனை தோன்றியது. எனக்கு உறைத்தது அவங்களுக்கும் உறைக்காதா என்பதுதான் அவர் எண்ணம். காப்பீட்டு அலுவலக அம்மாவிடம் படத்தையும் திரையையும் இரவல் வாங்கி வந்தார். அறுபது பேர் வந்தார்கள். மாடிக் காட்சி வந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு வயதானவர், "அட பாவி, நம்மளைத்தான் எடுத்திருக்கான்" என்றார். முடிந்ததும் கூலிங் எழுந்து பேசினார். பேச்சு சரியாக வரவில்லை, நடுவில் இரண்டு தடவை சொன்னதையே திருப்பிச் சொன்னார். ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்னோட சேர்றவங்க கை தூக்குங்க" என்றபோது பத்துப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. அடுத்த வாரம் அவர் பட்டறைக்கு நிஜமாக வந்தவர்கள் மூன்று பேர்.

அந்த மூன்று பேரோடு ஐந்து மாதம் ஓடியது. அவருடைய வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் அதுதான். இயந்திரத்தை முறை வைத்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். கெடாத வாயுவைப் பிடித்து, வேலை முடிந்ததும் அதே ஏசிக்கே திருப்பி நிரப்பினார்கள். எரிந்த காம்ப்ரசரிலிருந்து வருகிற வாயு எண்ணெயும் அமிலமும் கலந்து கெட்டுப்போயிருக்கும், எதற்கும் ஆகாது. அதைத்தான் சிலிண்டரில் அடைத்து, தேதியும் எடையும் எழுதி ஒட்டி, கூலிங் தன் வீட்டுப் பின்னறையில் வரிசையாக நிறுத்தினார்.

நிறுத்திவிட்டு, இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று விசாரிக்கப் போனார்.

வாயு விற்கிற மொத்த வியாபாரி, "நாங்க விக்கறதோட சரி. திருப்பி எல்லாம் வாங்கறதில்ல" என்றார். சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே முன்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"புகாரா, விண்ணப்பமா?"

"ரெண்டும் இல்லைங்க. என்கிட்ட கேஸ் இருக்கு. ஒப்படைக்கணும்."

"யார் மேல கேஸ்?"

அவர் எந்தக் கேஸ் என்பதைப் புரியவைக்கவே அரை மணி ஆனது. நாலாவது தடவை போனபோது அதிகாரி ஒருவர் உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர். "இதை முழுசா அழிக்கற ஆலை இருக்குங்க. ஆனா ரொம்ப தூரம். டன் கணக்குல சேர்ந்தாத்தான் வண்டி அனுப்புவாங்க. உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

"எண்பது கிலோ சார்."

"சேருங்க, சேருங்க. ரொம்பப் பெரிய காரியம் பண்றீங்க." ஆண்டறிக்கையில் போடுவதற்கு என்று அவரைத் தன் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

சரி, சேர்ப்போம் என்று கூலிங் திரும்பி வந்தார். ஒரு டன் என்றால் ஆயிரம் கிலோ. இதே வேகத்தில் போனால் இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கணக்கைப் போடுவதையே விட்டுவிட்டார்.

அதற்குள் வெயில் காலம் வந்தது. யாரும் பார்த்திராத வெயில். காலை எட்டு மணிக்கே சுவரைத் தொட்டால் சுட்டது. தெருக் குழாயில் வெந்நீர் வந்தது. ஊரில் ஏசி வைத்திருந்தவர்கள் நிறுத்தாமல் ஓட்டினார்கள், ஓடி ஓடி அவை எரிந்தன. மெக்கானிக்குகளுக்குச் சோறு தின்ன நேரமில்லை. கூட இருந்த மூன்று பேரில் ஒருவர் போன் எடுப்பதை நிறுத்தினார். இன்னொருவர் இடுப்பு வலி என்றார். மூன்றாமவர் மட்டும் நேரில் வந்து சொன்னார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. காலையில ஒரு வீட்ல எண்பது வயசுப் பெரியவர், மூச்சு விட முடியாம கெடக்கறார். சீக்கிரம் ஓட விடுங்கன்னு அந்தப் பொண்ணு என் காலைப் புடிக்குது. நான் நாப்பது நிமிஷம் கேஸைப் புடிச்சுட்டு நிக்கவா? தொறந்து விட்டுட்டேன்."

"நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார் கூலிங்.

அவர் சொன்னது உண்மை. அதற்கு முந்தின நாள் அவரே ஒரு பிரசவ விடுதியில் அப்படிச் செய்திருந்தார். வீட்டில் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் மனைவி வேலையிடத்தில் விழுந்துவிட்டாள். வெளியே இருந்த வெயிலும் உள்ளே இருந்த நீராவியும் சேர்ந்து அடித்துவிட்டது. உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தவள், "ஏதோ மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான், சாய்ந்துவிட்டாள். அதே கட்டடத்தின் இரண்டாவது மாடிக்குத் தூக்கிப்போய், காலையில் அவளே மடித்து அனுப்பிய விரிப்பின் மேல் கிடத்தினார்கள். கூலிங் போனபோது கையைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சிறுநீரகம் கொஞ்சம் பாதிச்சிருக்கு. இன்னொரு தடவை சூடு தாங்காது. இந்த வெயில் முடியற வரைக்கும் அவங்க குளிர்ச்சியான அறையில இருக்கணும். வீட்ல ஏசி இருக்குல்ல?"

"இருக்கு சார்" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

மூன்று நாள் தள்ளினார். நனைத்த துணியை ஜன்னலில் தொங்கவிட்டார். ஐஸ் கட்டியைப் பாத்திரத்தில் வைத்து மின்விசிறிக்கு முன்னால் வைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் முகம் சிவந்து, பேச்சு குழற ஆரம்பித்தது.

"நீ சொல்லு. மாட்டட்டுமா?" என்று கேட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "உங்க மனசு கஷ்டப்படும்னு வேணாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். முடியலங்க. மாட்டுங்க."

பட்டறையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஏசி ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் அதைச் சரி செய்து மாட்டி, புது வாயு நிரப்பினார். நிரப்பும்போது தராசில் எடை பார்த்தார்: எண்ணூற்றைம்பது கிராம். படுக்கையறையில் குளிர் பரவியது. அவள் ஒரு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருக்கு இருந்தது வருத்தமா நிம்மதியா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஏசியின் வெளிப்பெட்டியை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நாலடி சந்து. பெட்டிக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டுத் தையல்காரரின் ஜன்னல். அந்த ஜன்னலடியில்தான் அவர் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை உட்காருவார். இருபது வருஷப் பழக்கம். கூலிங்கின் சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான்.

ஏசி மாட்டிய மூன்றாவது நாள் தையல்காரர் வந்தார். "கூலிங், உங்க வீட்டுச் சூடு முழுக்க என் மூஞ்சியிலதான் அடிக்குது. ஜன்னலைச் சாத்தினா வெளிச்சம் இல்ல, தொறந்தா வெந்துடுவேன் போல இருக்கு."

கூலிங் தகரத்தை வளைத்துக் காற்றை மேல்பக்கம் திருப்பிப் பார்த்தார். சந்து குறுகல், சூடு அங்கேயே சுழன்று திரும்பி வந்தது. பெட்டியைக் கூரைக்கு ஏற்றலாம் என்றால், பழைய தகரக் கூரை அந்தப் பாரத்தைத் தாங்காது. "அவளுக்கு உடம்பு சரியாகற வரைக்கும் பொறுத்துக்கங்க" என்று கேட்டுக்கொண்டார். தையல்காரர் பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் மிஷின்மேல் தலை கவிழ்ந்து மயங்கினார். தெளிந்ததும் அவருடைய மகள் நகராட்சிக்குப் புகார் எழுதினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அப்பாவை அவள் பார்க்க வேண்டாமா?

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெளிப்பெட்டியைப் பார்த்தார்கள், டாக்டர் சீட்டைப் படித்தார்கள். "நோயாளி இருக்காங்க, இதை எடுக்கச் சொல்ல முடியாது" என்று அந்த விஷயத்தை அங்கேயே முடித்துவிட்டார்கள். திரும்பும்போது இளைய அதிகாரி பின்னறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

உள்ளே பதினேழு சிலிண்டர்கள் நின்றன.

"என்னய்யா இது, குண்டு தொழிற்சாலையா?"

கூலிங் விளக்கினார். ஆவணப்படத்திலிருந்து ஆரம்பித்து, ஒட்டியிருந்த சீட்டுகள், சுற்றுச்சூழல் அதிகாரி எடுத்த படம் வரை எல்லாவற்றையும் சொன்னார். மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா நாலு பக்கமும் வீடு இருக்கற இடத்துல, இந்த வெயில்ல, அழுத்தத்துல அடைச்ச சிலிண்டர் பதினேழு வெக்கக் கூடாது. ஒண்ணு வெடிச்சா யார் பதில் சொல்றது?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் லாரி வந்தது. ஒவ்வொன்றாக உருட்டி ஏற்றினார்கள். கூலிங்கே கை கொடுத்தார்; எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"சார், எங்க கொண்டு போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பாதுகாப்பா அப்புறப்படுத்திடுவோம். கவலைப்படாதீங்க."

"தொறந்து மட்டும் விட்டுடாதீங்க சார்."

"சரி சரி" என்றார் இளையவர், வண்டியில் ஏறிக்கொண்டே.

நூற்றெண்பத்து நாலு கிலோ. ஒன்றரை வருஷமாகச் சேர்த்தது. அந்த அலுவலகம், இந்த அலுவலகம் என்று அலைந்து, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. ஊருக்கு வெளியே நகராட்சியின் பழைய சாமான் கிடங்கு. காவலுக்கு இருந்தவர் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த சிலிண்டரா அண்ணே? அது அன்னைக்கே போயிடுச்சே. இரும்புக் கடைக்காரன் எடுத்துட்டான்."

"உள்ள கேஸ் இருந்துச்சே?"

"ஆமா. கேஸோட அவன் எடுக்க மாட்டேன்னுட்டான், அறுக்கும்போது வெடிச்சுடும்ல. அதனால வால்வை எல்லாம் தொறந்து விட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"பதினேழும். சாயங்காலம் வரைக்கும் புஸ்ஸு புஸ்ஸுன்னு போயிட்டே இருந்துச்சு." காவலாளி சிரித்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும்ணே, என்ன ஒரு குளிர்ச்சி! சிலிண்டர் மேல பனி மாதிரி பூத்துடுச்சு. நாங்க நாலு பேரும் பக்கத்துலயே போய் நின்னுக்கிட்டோம். அன்னைக்கு அடிச்ச வெயிலுக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு."

கூலிங் தலையாட்டினார். காவலாளி தண்ணீர் கொடுத்தார், குடித்தார். அந்த மனிதரின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. யார் மேலாவது கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வீடு வரும்வரை தேடிப் பார்த்தார், ஆள் அகப்படவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி அழுதாள். அவர் அழவில்லை. "விடுங்க, நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது. எழுந்து பட்டறைக்குப் போய், அடுக்க வேண்டியது எதுவும் இல்லாத சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் ஒருநாள் வந்து வாசலில் நின்றார். "எம் பொண்ணு எழுதினது ஏசிக்குத்தான் கூலிங். சத்தியமா அந்த சிலிண்டர் விஷயம் எங்களுக்குத் தெரியாது."

"அதனால என்ன, உள்ள வாங்க" என்றார் கூலிங். அவர் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, குளிர் வருகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டார். அதற்குப் பிறகு உச்சி வெயில் நேரத்தில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு இங்கே வந்து காஜா எடுப்பார்.

மனைவி வேலையை விட்டுவிட்டாள். ஒரு ஆள் வேலையில் வீடு ஓட வேண்டும் என்று ஆனபோது, மச்சினன் தானாகவே வந்து கூப்பிட்டான். குத்திக் காட்டவில்லை. "மாமா, நீங்க இல்லாம எனக்குக் கீழ்வேலை ஓடல" என்று மட்டும் சொன்னான். கூலிங் போய்ச் சேர்ந்துகொண்டார். மாடியில் அவன், கீழே இவர், பழையபடி. கேஸ் இறக்குகிற நேரத்தில் ஜன்னல் எதுவும் திறந்திருந்தால் அதைச் சாத்திவிட்டு வருவார்.

இயந்திரம் பின்னறையில் இருக்கிறது. மச்சினன் வராத நாட்களில், வீட்டுக்காரர் அவசரப்படாத இடம் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு போவார். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வேலை. அப்படிப் பிடித்ததில் ஒரு சிலிண்டர் பாதி நிறைந்திருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முழுதும் நிறைந்தால் என்ன செய்வது என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "அது நிறையாது" என்றார்.

இந்த வருஷம் வெயில் ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. காலை ஏழு மணிக்கே போன் அடிக்கிறது. எடுத்து விலாசம் கேட்டுக்கொண்டு, ஸ்பேனர் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.